தார் டிரைவ்வேல குழி: மூணு தடவ மூடியும் ஏன் திரும்பத் திரும்ப பெயருது?

கேள்வி சுருக்கமா இதான். வீட்டு வாசல்ல தார் போட்ட டிரைவ்வே, பக்கத்துல ஒரு பத்து கார் நிக்கற மாதிரி பார்க்கிங், ரெண்டுலயும் குழி. மூட்டைல வர்ற ரெடிமேட் தார்க்கலவைய வாங்கி மூணு தடவ கொட்டி மூடிட்டீங்க, ஒவ்வொரு மழைக்கும் பெயர்ந்துடுது, அதுல ஒரு குழி முன்ன இருந்தத விட பெருசாயிடுச்சு. கலவை மட்டமா, இல்ல நாங்க போடற விதம் தப்பா, இல்ல மொத்தத்தயும் பேத்துட்டு புதுசா போடணுமான்னு கேட்டிருக்கீங்க.

குழி மூடற இந்த பேட்ச் வேலைய முதல்ல கையால பண்ணி, அப்புறம் ஆள் வெச்சு பண்ணி நிறைய வருஷம் ஓட்டினவன்ங்கறதால சொல்றேன், கலவை மேல பழி போடாதீங்க. மட்டமான கலவையும் இருக்கு, இல்லைன்னு சொல்லல, ஆனா குழி திரும்ப வர்றதுக்கு பெரும்பாலும் மூணே காரணம்தான்: உள்ள ஈரம், ஓரம் சரியில்ல, போட்ட கலவைய இடிச்சு இறுக்கல. குழிய நிரப்பறத நாம வேலைன்னு நினைக்கிறோம், நிரப்பறது பத்து நிமிஷம். அதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம், பின்னாடி அரை மணி நேரம் இருக்கு பாருங்க, அந்த ரெண்டயும் விட்டுட்டுதான் எல்லாரும் குழிய திட்டறாங்க.

முதல்ல குழி எப்படி வருதுன்னு புரிஞ்சா மீதி தானா புரியும். தார் மேல்தளம்ங்கறது சும்மா ரெண்டு மூணு இன்ச் தோல்தான். எடைய தாங்கறது அது இல்ல, அதுக்கு கீழ இருக்கற ஜல்லி படுக்கை, அதுக்கும் கீழ இருக்கற மண். வெயில் படப்பட தார்ல இருக்கற பசை காய்ஞ்சு இறுகி, வளைய வேண்டிய பொருள் விறைப்பாகுது, முடி மாதிரி ஒரு விரிசல் விழுது. அது வழியா தண்ணி கீழ இறங்குது. ஜல்லி படுக்கை நனைஞ்சா ஊறிப்போன மெத்தை மாதிரிதான், மேல டயர் ஏறினா அமுங்குது, டயர் போனதும் எழும்புது. அப்படி அமுங்கும்போது உள்ள இருக்கற தண்ணி பீச்சிக்கிட்டு வெளிய வருது, வரும்போது ஜல்லிக்கு நடுவுல இருக்கற பொடி மண்ணையும் சேத்து அள்ளிட்டு வருது. மழை விட்டப்புறம் விரிசல் ஓரமா சேறு கலர்ல ஒரு கறை படிஞ்சிருக்கும், கவனிச்சு பாருங்க, அதான் அடையாளம், கீழ காலியாகிட்டு இருக்குன்னு அர்த்தம். அடில பிடிப்பு போனதும் மேல் தோல் கட்டம் கட்டமா உடையும், முதலைத் தோல் மாதிரி. அந்த கட்டத்துல ஒரு துண்டு டயரோட கெளம்பிடுச்சுன்னா அன்னிக்குதான் நீங்க குழின்னு பேர் வெக்கறீங்க, ஆனா அது பல மாசமா கீழ நடந்துட்டு இருந்த விஷயம். பனி உறையற ஊரா இருந்தா இன்னும் மோசம், தண்ணி ஐஸ் ஆகும்போது சுமார் 9 சதவீதம் விரியும், அது தளத்த கீழ இருந்து தூக்கும், உருகும்போது வெற்றிடத்த விட்டுட்டு போகும்.

அதனால கலவை வாங்க போறதுக்கு முன்னாடி குழிய ஒரு தடவ சோதிச்சு பாத்துடுங்க, செலவே இல்ல. ஒரு சுத்தியல எடுத்து குழிய சுத்தி ஓரத்துல இருந்து வெளிப்பக்கமா தட்டிக்கிட்டே போங்க. நல்ல இடம் கெட்டியா, கணீர்னு சத்தம் குடுக்கும், அடில பிடிப்பு விட்ட இடம் தொப்பு தொப்புன்னு கேக்கும். அந்த தொப்பு சத்தம் எங்க நிக்குதோ அங்க சாக்பீஸ்ல கோடு போடுங்க. பாத்தா ஆச்சரியமா இருக்கும், குழி ஒரு தட்டு அகலம்தான் இருக்கும், சாக்பீஸ் கோடு ஒரு மேசை அகலம் வந்திருக்கும். நீங்க மூணு தடவயும் அந்த தட்ட மட்டும்தான் மூடியிருக்கீங்க, சுத்தி இருக்கற கெட்டுப்போன இடம் அப்படியே இருந்திருக்கு, அதான் குழி பெருசாச்சு. அடுத்தது ஒரு நீள ஸ்க்ரூடிரைவர், குழிக்குள்ள அடில குத்துங்க. கையால குத்தினாலே பிடி வரைக்கும் இறங்குதுன்னா படுக்கை செத்துப்போச்சு, மேல எவ்ளோ ஒசத்தி கலவை போட்டாலும் நிக்காது. ஜல்லில இடிச்சு நின்னுடுச்சுன்னா படுக்கை தப்பிச்சது, மேல் வேலை மட்டும் போதும்.

என் சொந்த கதை ஒண்ணு சொல்றேன், கொஞ்சம் வெக்கமாதான் இருக்கு. ஆரம்ப காலத்துல ஒரு பார்க்கிங்ல எட்டு குழி, வண்டில சூடான ஹாட் மிக்ஸ் வந்து எறங்குது, நான்தான் ஆள். சூடான தார்க்கலவைனா அது பாட்டுக்கு ஒட்டிக்கும்னு நெனச்சு, குழிய துடைப்பத்தால ரெண்டு இழு இழுத்துட்டு கொட்டிக்கிட்டே போனேன். முதல் அஞ்சு குழி சூடா விழுந்துச்சு. கடைசி மூணுக்கு வரும்போது குவியல் ஆறிப்போச்சு, மேல ஓடு மாதிரி கட்டி தட்டிடுச்சு, இடிச்சா இறங்கல, சரி வண்டி ஏற ஏற அமுங்கிக்கும்னு விட்டுட்டேன். ஒரு மாசம் கழிச்சு போய் பாத்தா அந்த மூணும் மூடி கழண்டு வர்ற மாதிரி முழுசா கழண்டு பக்கத்துல கிடக்கு. கையில எடுத்து திருப்பி பாத்தேன், அடிப்பக்கம் முழுக்க மெல்லிசா தூசி, மாவு பூசின மாதிரி, ஒரு சொட்டு பசை கூட பழைய தளத்துல ஒட்டல. அன்னிக்கு கத்துக்கிட்டதுதான் கீழ எழுதறதுல பாதி.

சரி, இப்ப வேலைக்கு வருவோம். சாக்பீஸ் கோட்டுக்கு வெளிய இன்னும் அரை அடி தள்ளி, நல்ல தளத்துக்குள்ள, நேர் கோட்டுல சதுரமாவோ செவ்வகமாவோ மார்க் பண்ணுங்க. குழி வட்டமா இருந்தாலும் வெட்டறது கட்டமாதான். டைமண்ட் பிளேடு போட்ட கட்டர் கிடைச்சா ரொம்ப நல்லது, இல்லேன்னா உளி, சுத்தியல், கடப்பாரை, நேரம் ஆகும் ஆனா வரும். முக்கியம் என்னன்னா ஓரம் சுவர் மாதிரி செங்குத்தா நிக்கணும். கிண்ணம் மாதிரி சரிவா விட்டீங்கன்னா புது கலவை ஓரத்துல காகிதம் கணக்கா மெலிஞ்சு போகும், அந்த மெல்லிசான இடத்துல ஜல்லி நிக்க இடமே இல்ல, மொதல்ல உதிர்றது அங்கதான், அங்க இருந்து தண்ணி உள்ள போகும், மறுபடி மொத கதை. கட்டர் ஓட்டும்போது தண்ணி ஊத்திக்கிட்டே வெட்டுங்க, இல்லேன்னா மாஸ்க் கண்டிப்பா, அந்த கல்லு தூசி நுரையீரலுக்கு எமன், ஒரு நாள் தானேன்னு அலட்சியம் வேணாம். தண்ணி ஊத்தி வெட்டினா அப்புறம் அந்த சேற்றயும் சுத்தமா அள்ளி காய வெக்கணும்ங்கறத மறந்துடாதீங்க.

உள்ள இருக்கற உதிரி, பழைய பேட்ச், சேறு எல்லாத்தயும் எடுத்துடுங்க. நீங்க மூணு தடவ போட்ட கலவையும் சேத்துதான், பாவமேன்னு விட்டு வெக்காதீங்க. அடில களி மண்ணு தட்டுப்பட்டா, இல்ல ஸ்க்ரூடிரைவர் சொருகிச்சுன்னா, கெட்டி வர்ற வரைக்கும் தோண்டி எடுங்க. அந்த பள்ளத்த மண்ண போட்டு நிரப்பக் கூடாது, உடைஞ்ச செங்கல், கட்டட இடிபாடு எதுவும் கூடாது. பெரிசும் சிறிசும் பொடியும் கலந்த கிரஷர் ஜல்லிதான் வேணும். ஒரே சைஸ் ஜல்லிய போட்டா நடுவுல எல்லாம் சந்து, தண்ணி குடி புகுந்துடும், கலந்த ஜல்லினா ஒண்ணுக்குள்ள ஒண்ணு போய் பூட்டிக்கும். கையால இடிக்கறதா இருந்தா மூணு இன்ச்சுக்கு ஒரு தட்டு, ஒவ்வொரு தட்டும் லேசா நனைச்சு, பிடிச்சா உருண்டை நிக்கற அளவு ஈரம், சொட்டற அளவு இல்ல, திமிசுக்கட்டையால நல்லா இடிங்க. மேல ரெண்டு ரெண்டரை இன்ச் ஆழம் கலவைக்கு விட்டு நிறுத்திக்கோங்க. அப்புறம் மேல காயட்டும்.

இந்த அடி ஜல்லி விஷயம் காச மிச்சப்படுத்தற வேலை மட்டும் இல்ல. ஆறு இன்ச் ஆழத்த முழுசா கோல்ட் மிக்ஸாலயே, அதான் நீங்க வாங்கின, சூடாக்காம போடற மூட்டை கலவையாலயே, நிரப்பறவங்கள நிறைய பாத்திருக்கேன். சாதாரண கோல்ட் மிக்ஸ் எப்படி கெட்டியாகுதுன்னா அதுல கலந்திருக்கற கரைப்பானோ தண்ணியோ வெளிய ஆவியா போகணும். ஆறு இன்ச் அடில இருக்கறது எங்க போகும்? மேல தோல் கட்டிக்கும், அடி பல மாசத்துக்கு கொழகொழன்னே இருக்கும், வண்டி ஏறினா பள்ளம்.

அடுத்தது டாக் கோட், அதாவது பழசையும் புதுசையும் ஒட்டற பசை. தண்ணில கரைச்ச தார் எமல்ஷன் டப்பால கிடைக்கும். நாலு சுவருக்கும், அடில பழைய தார் தெரிஞ்சா அதுக்கும், பிரஷ்ஷால மெல்லிசா பூசுங்க. பூசும்போது பழுப்பா இருக்கும், சில நிமிஷத்துல இருந்து அரை மணிக்குள்ள வெயிலுக்கு தகுந்தபடி கருப்பா மாறும். பழுப்பா இருக்கும்போது அதுல இன்னும் தண்ணி இருக்கு, அப்ப கலவைய கொட்டினா ஒட்டாது. கருப்பானதும் விரலால தொட்டு எடுத்தீங்கன்னா மெல்லிசா இழை இழுக்கும், அதான் பதம். ஒட்டணுமேன்னு அரை டப்பாவ கொட்டாதீங்க, அடில குட்டை கட்டினா அது பசையா இல்லாம வழுக்கற எண்ணெய் மாதிரி வேலை செய்யும், மேல கசிஞ்சு செருப்புல ஒட்டும். தூசி மேல பூசறதும் வீண், அதனால பூசறதுக்கு முன்னாடி ஊதுகுழலோ புளோயரோ எது இருக்கோ அதால சுவர சுத்தம் பண்ணுங்க. எங்க குரு ஒருத்தர் பழைய பெயிண்ட் பிரஷ்ஷால மூலை மூலையா தூசி தட்டுவாரு, அப்ப சிரிச்சேன், இப்ப நானும் அதான் பண்றேன்.

எந்த கலவை வாங்கறதுன்னா, ஒரு பத்து குழி இருக்கு, வெயில் காலம், தார்க்கலவை தயாரிக்கற பிளாண்ட் பக்கத்துல இருக்குன்னா ஹாட் மிக்ஸுக்கு மிஞ்சி எதுவும் இல்ல. ஆனா அது சுமார் 150 டிகிரில கிளம்பி வர்ற பொருள், 80 டிகிரி சுமாருக்கு இறங்கறதுக்குள்ள இடிச்சு முடிச்சாகணும், அதுக்கப்புறம் எவ்ளோ இடிச்சாலும் கை வலிதான் மிச்சம். மெல்லிசா போட்டு காத்தும் அடிச்சா பத்து நிமிஷம் கூட குடுக்காது. தார்ப்பாய் போட்டு மூடி வெச்சு, ஒரு குழிக்கு எவ்ளோ வேணுமோ அவ்ளோ மட்டும் எடுத்து முடிச்சிட்டு அடுத்ததுக்கு போகணும். கையில சூடான தார் பட்டுடுச்சுன்னா உடனே தண்ணில காட்டிக்கிட்டே இருங்க, ஒட்டின தார பிய்ச்சு எடுக்காதீங்க, தோலும் சேந்து வரும், அப்படியே டாக்டர்ட்ட போங்க.

ஒண்ணு ரெண்டு குழிக்கு மூட்டை கோல்ட் மிக்ஸ்தான் நடைமுறை. அதுல ரெண்டு ஜாதி இருக்கு. ஒண்ணு கரைப்பான் கலந்தது, கொட்டினதும் வண்டி விடலாம் ஆனா முழுசா இறுக வாரக்கணக்கு ஆகும், அது வரைக்கும் சூட்டுல மிருதுவாவே இருக்கும். இன்னொண்ணு தண்ணி தெளிச்சா வேலை செய்யற வகை, சில மணி நேரத்துல இறுகிடும், வெலை கூட, ஆனா திருப்பம், கேட் வாசல் மாதிரி டயர் முறுக்கற இடத்துக்கு நான் இததான் சொல்லுவேன். ரெண்டாவது வகை மூட்டைய திறந்தா அன்னிக்கே முடிச்சிடணும். மூட்டைய வாங்கறதுக்கு முன்னாடி ஒரு பிடி எடுத்து பாருங்க, வெள்ளை வெள்ளையா தார் படாத கல்லு தெரிஞ்சா, இல்ல பாறை மாதிரி கட்டியா இருந்தா வேணாம். குளிர் நாள்ல மூட்டை விறைச்சிருக்கும், முந்தின ராத்திரியே வீட்டுக்குள்ள எடுத்து வெச்சா காலைல கொட்ட வரும்.

கல்லு சைஸும் பாருங்க. போடற கனம் குறைஞ்சது பெரிய கல்லு சைஸ மாதிரி மூணு மடங்கு இருக்கணும், 10 மில்லிமீட்டர் கல்லுனா 30 மில்லிமீட்டர் கனம். அரை இன்ச் ஆழ பள்ளத்துல இந்த மூட்டை கலவைய தேய்க்கறவங்க நிறைய, அது நாலாவது நாளே கல்லு கல்லா உதிரும். அவ்ளோ மேலோட்டமான பள்ளத்துக்கு ஊத்தற மாதிரி வர்ற நைஸ் ஃபில்லர் தனியா இருக்கு, இல்லேன்னா ரெண்டு இன்ச் வெட்டி இறக்கிட்டு முறையா போடுங்க.

எத்தன மூட்டைன்னு கணக்கு ரொம்ப சுலபம். நீளம், அகலம், ஆழம் மூணயும் சென்டிமீட்டர்ல பெருக்கி ஆயிரத்தால வகுத்தா லிட்டர் வரும். 60க்கு 45, ஆழம் 6 சென்டிமீட்டர்னா 16 லிட்டர் சுமார். இடிச்ச கோல்ட் மிக்ஸ் லிட்டருக்கு சுமார் ரெண்டு கிலோ, ஆக 32 கிலோ, 25 கிலோ மூட்டைனா ரெண்டு வாங்குங்க. பாதில தீந்து போய் மிச்சத்த நாளைக்கு போடறேன்னு விடறதுதான் கெட்ட பழக்கம், ரெண்டுக்கும் நடுவுல ஒரு இணைப்பு விழுந்துடும்.

இப்ப இடிக்கறது, இதுல எல்லாரும் கோட்டை விடறாங்க. கலவைய ஒரே குவியலா கொட்டி மேல இடிச்சா மேல் ஒரு இன்ச்தான் இறுகும், அடி பஞ்சாவே கிடக்கும். ரெண்டு இன்ச் மிஞ்சாம தட்டு தட்டா போடுங்க. உதிரியா இருக்கும்போது ரெண்டரை இன்ச் இருக்கறது இடிச்சா ரெண்டாகும், அந்த கணக்குல கொஞ்சம் கூடுதலாவே போடணும். ஓரத்துல இருந்து ஆரம்பிச்சு நடுவுக்கு வாங்க, சுவத்தோட சேர்ற மூலைகள்ல கட்டையோட முனையாலயே குத்தி குத்தி இறக்குங்க, அந்த இடத்துக்கு ரோலரும் வராது டயரும் வராது, உங்க கைதான். ஒவ்வொரு அடியும் முந்தின அடில பாதி மேல விழற மாதிரி வரணும். எப்ப நிறுத்தறதுன்னா சத்தம் சொல்லும், ஆரம்பத்துல பொத் பொத்துன்னு விழற கட்டை, இறுகினதும் டம்முன்னு அடிச்சு கையில திருப்பி துள்ளும், அதோட கட்டையோட அச்சு விழறது நின்னு போகும். பிளேட் கம்பாக்டர், அதாவது அதிர்ந்து இறுக்கற மெஷின், வாடகைக்கு கிடைச்சா அத எடுங்க, ஒரு தட்டுக்கு ஆறேழு சுத்து, வேலை பாதியாகும். இவ்ளோ ஏன் இடிக்கணும்னா, சரியா இறுக்கின தார்ல காத்து வெற்றிடம் நூத்துக்கு எட்டுக்குள்ள இருக்கும், அதத் தாண்டினா அந்த ஓட்டைகள் ஒண்ணோட ஒண்ணு சேந்து குழாய் மாதிரி ஆகி தண்ணிய நேரா கீழ அனுப்பும். பாக்க வெளிய ஒரே மாதிரிதான் இருக்கும்.

கடைசி தட்டு பக்கத்து தளத்த விட 3ல இருந்து 6 மில்லிமீட்டர் மேடா நிக்கணும், வண்டி ஓட ஓட அது சமமாகும். சமமா விட்டா பள்ளமாகும், பள்ளமானா தண்ணி நிக்கும். கம்பாக்டர் இல்லேன்னா மேல ஒரு பிளைவுட் பலகைய போட்டு கார முன்ன பின்ன மெதுவா ஒரு பத்து தடவ ஏத்தி இறக்குங்க, ஸ்டியரிங்க திருப்பாம நேரா. கட்டைல தார் ஒட்டுதேன்னு டீசல தடவற பழக்கம் எல்லா ஊர்லயும் இருக்கு போல, வேணாம், டீசல் தார கரைக்கும், சொட்டின இடம் இளகிடும். சோப்புத் தண்ணி போதும். முடிச்சதும் மேல ஒரு கை மணல தூவி விடுங்க, டயர்லயும் செருப்புலயும் ஒட்டாது.

அப்புறம் புதுசும் பழசும் சேர்ற அந்த கோடு இருக்கே, நாலு பக்கமும், அது மேல ஒரு ரெண்டு இன்ச் அகலத்துக்கு எமல்ஷனோ கிராக் ஃபில்லரோ இழுத்து மணல் தூவிடுங்க. ரெண்டு நிமிஷ வேலை, பேட்ச் சாகறது மொதல்ல இந்த கோட்டுலதான்.

இவ்ளோ செய்ய முடியாது, நாளைக்கு மழை, கார் குழில இறங்குதுன்னா? அதுக்கும் வழி இருக்கு. வெட்டாம, உதிரிய மட்டும் அள்ளி, தண்ணிய வெளியேத்தி, நல்ல கோல்ட் மிக்ஸ கொட்டி, லாரி டயரால நாலுல இருந்து எட்டு தடவ ஏத்தி இறுக்கறது. 1990கள்ல அமெரிக்காவுலயும் கனடாவுலயும் எட்டு இடத்துல ஆயிரத்துக்கு மேல பேட்ச் போட்டு கண்காணிச்ச ஒரு பெரிய ஆராய்ச்சி நடந்துச்சு, அதுல நல்ல கலவையா இருந்தா கொட்டி ரோல் பண்ற இந்த முறையும் கட்டமா வெட்டி போடற முறைக்கு சமமா தாங்கிச்சுன்னு வந்துச்சு. இத படிச்சிட்டு அப்ப எதுக்குய்யா வெட்ட சொல்றன்னு கேப்பீங்க. ரெண்டு விஷயம். அங்க போட்டது நெடுஞ்சாலைல, லாரி டயர் நாள் முழுக்க அத இறுக்கிக்கிட்டே இருக்கும், உங்க டிரைவ்வேல ஒரு நாளைக்கு நாலு தடவ ஒரு கார் போகும், அதுவும் மெதுவா திரும்பிக்கிட்டு. ரெண்டாவது, அந்த ஆராய்ச்சி கலவை தரம்தான் முக்கியம்னு சொல்லுது, கொட்டிட்டு அப்படியே போயிடலாம்னு எங்கயும் சொல்லல, ரோல் பண்ணச் சொல்லுது. அவசரத்துக்கு இந்த முறை, சாவகாசமா இருந்தா வெட்டற முறை.

சிமெண்ட் கான்கிரீட்ட போட்டு மூடிடலாமான்னு அடுத்து கேக்கத் தோணும், பாக்க கெட்டியா இருக்கும்தான். ஆனா தார் வளையற பொருள், கான்கிரீட் வளையாது. வண்டி ஏறும்போது சுத்தி இருக்கற தார் கொஞ்சம் அமுங்கும், கான்கிரீட் கட்டி அமுங்காம நிக்கும், கொஞ்ச நாள்ல அத சுத்தி ஒரு வட்ட விரிசல் விழும், இப்ப உங்களுக்கு குழி போய் அகழி வந்துடும்.

பார்க்கிங்குக்குன்னு தனி தொல்லைகள் இருக்கு. ஓடற வண்டிய விட நிக்கற வண்டி தாருக்கு கஷ்டம், அதுவும் நின்ன இடத்துலயே ஸ்டியரிங்க திருப்பறது தோல உரிக்கற மாதிரி. பைக் சைடு ஸ்டாண்டு வெயில்ல சொருகி விரலளவு ஓட்டை போடும், அந்த ஓட்டைதான் நாளைக்கு தண்ணி வாசல், கீழ ஒரு தகடு வெச்சு நிறுத்த சொல்லுங்க. எஞ்சின் ஆயில், பெட்ரோல் சொட்டற இடத்துல தாரோட பசையே கரைஞ்சுபோயிருக்கும், ஸ்க்ரூடிரைவரால கீறினா கருப்பு களி மாதிரி வரும், அந்த மண்டலம் முழுசும் வெட்டி எடுக்கணும், மேல பேட்ச் ஒட்டவே ஒட்டாது. அப்புறம் கனரக வண்டி. 1958ல இருந்து 1960 வரைக்கும் அமெரிக்காவுல இல்லினாய்ல ஒரு சோதனை ரோட்டுல லாரிகள நாள் முழுக்க ஓட்டி பாத்தாங்க, அதுல இருந்து வந்த கணக்கு, அச்சு எடை ரெண்டு மடங்கானா சேதம் சுமார் 16 மடங்கு. கார்களுக்குன்னு போட்ட பார்க்கிங்ல வாரம் ஒரு தடவ தண்ணி லாரியோ குப்பை லாரியோ வந்து போனா, வருஷம் முழுக்க வந்த கார் எல்லாம் சேந்து பண்ணாத சேதத்த அது ஒண்ணே பண்ணிடும். குழி எல்லாம் லாரி திரும்பற அந்த வளைவுலயே இருக்கான்னு பாருங்க, இருந்தா அந்த இடத்துக்கு மட்டும் கனமான தளமோ முழு கான்கிரீட் பட்டையோ போடறதுதான் வழி. இது நடுவுல குழிய மூடற கான்கிரீட் இல்ல, ஓரம் வரைக்கும் தனி தளம், அது வேற கதை.

தண்ணி பத்தி சொல்லாம முடிச்சா மேல சொன்ன எல்லாம் வீண். ஒரு பக்கெட் தண்ணிய குழி இருந்த இடத்துக்கு மேல்பக்கம் ஊத்தி அது எந்த வழியா போகுதுன்னு உக்காந்து பாருங்க. தார் தளம் மீட்டருக்கு குறைஞ்சது 1, நல்லதுனா 2 சென்டிமீட்டர் சாய்வா இருக்கணும். மொட்ட மாடி தண்ணி குழாய் நேரா டிரைவ்வே ஓரத்துல வந்து விழுதா, தோட்டத்து மண் தளத்த விட மேடா இருந்து தண்ணிய உள்ள தள்ளுதா, மேன்ஹோல் மூடிய சுத்தி பள்ளமா, இதெல்லாம் சரி பண்றதுக்கு ஒரு குழாய் வளைவும் ஒரு சின்ன வாய்க்காலும் போதும். வெயில் காலத்துல கூட ஒரே குழி மட்டும் ஈரமாவே இருக்கு, அமுங்கிக்கிட்டே இருக்குன்னா தார விடுங்க, கீழ போற தண்ணி குழாயோ சாக்கடை குழாயோ ஒழுகுது, பிளம்பர கூப்பிடுங்க. அந்த குழி மேல கார நிறுத்தாதீங்க, கீழ எவ்ளோ பெரிய பொந்து இருக்குன்னு மேல இருந்து தெரியாது.

மொத்தமா மாத்தணுமான்னு கேட்டீங்கல்ல. சாக்பீஸ் கோடு போட்டுட்டு தள்ளி நின்னு பாருங்க. தனித்தனி தீவா இருந்தா பேட்ச். தளத்துல கால்வாசிக்கு மேல முதலைத் தோல், கோடுகள் ஒண்ணோட ஒண்ணு தொட்டுக்கிட்டு இருக்குன்னா பேட்ச் காச சேத்து வெச்சு தோண்டி புதுசா போடறதுதான் என் கருத்து. கெட்டுப்போன தளத்து மேல ஒரு இன்ச் புது தார் விரிச்சு தர்றேன்னு ஒருத்தர் வருவாரு, ஒரு வருஷம் பளபளன்னு இருக்கும், அப்புறம் அடில இருந்த அதே விரிசல் அதே எடத்துல மேல எட்டிப் பாக்கும்.

விரிசல் மட்டும் இருக்கற இடத்த இப்பவே அடைச்சிடுங்க, குழிய விட அதுதான் சல்லிசு. 6 மில்லிமீட்டருக்கு மேல அகலம்னா ரப்பர் கலந்த ஃபில்லர், முடி விரிசலுக்கு தளம் மேல மெல்லிசா பூசற சீல்கோட் போதும். முதலைத் தோல் மேல ஃபில்லர் ஊத்தறது வேஸ்ட், அத வெட்டிதான் எடுக்கணும். புது பேட்ச் மேல சீல்கோட் அடிக்க ரெண்டு மூணு மாசமாவது பொறுங்க, உள்ள கரைப்பான் போகறதுக்குள்ள மூடினா மிருதுவாவே நின்னுடும். சீல்கோட் வாங்கும்போது நிலக்கரித் தார் கலந்ததா பெட்ரோலிய தாரான்னு கேளுங்க, நிலக்கரித் தார்ல புற்றுநோய் ரசாயனங்கள் இருக்குன்னு அமெரிக்காவுல வாஷிங்டன் மாகாணம் 2011லயே அத தடை பண்ணிடுச்சு, குழந்தைங்க விளையாடற டிரைவ்வேல அது நமக்கு எதுக்கு.

போட்டு முடிச்சதும் முதல் மழை பேஞ்சு ஓயட்டும், வெயில் வந்து தளம் காயற நேரத்துல போய் பாருங்க. மத்த இடமெல்லாம் வெளுத்தப்புறமும் பேட்ச் ஓரத்துல மட்டும் ஒரு ஈரக்கோடு கருப்பா நிக்குதுன்னா அங்க வாய் திறந்திருக்குன்னு அர்த்தம். அன்னிக்கு எதுவும் பண்ணாதீங்க, நல்லா காய்ஞ்ச இன்னொரு நாள்ல அந்த கோட்டுல மட்டும் எமல்ஷன ஊத்தி மணல் தூவுங்க. அந்த சின்ன டப்பாவ தூக்கி போடாம மூடி இறுக்கி வெச்சிருங்க, அடுத்த மழைக்கும் தேவைப்படும்.